கப்பல் வரும்வரை நோய் காத்திருக்காது

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உயிர் காக்கும் முதல் முடிவு சின்ன சுகாதார நிலையங்களில்தான் எடுக்கப்படுகிறது. அவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

வடக்கு அந்தமானில் ஐப்பசி அடைமழை. டிக்லிபூரை ஒட்டிய கிராமங்களில் வயலெல்லாம் முழங்கால் அளவு சேறு. அதில் நாள் முழுக்க நின்று வேலை செய்த ஒருவரை, மூன்று நாள் காய்ச்சலோடு, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சுகாதார நிலைய பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். கண் இரண்டும் செக்கச்செவேல். ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே முகம் சுளிக்கிறார். இருமத் தொடங்கியிருக்கிறார். வெளியே இருட்டிவிட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நடுவில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அதன் வழியே வண்டிகள் குறித்த நேரத்தில் தொடராகத்தான் விடப்படும். இந்த மழையிலும் இருட்டிலும் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. அடுத்த பத்து நிமிடத்தில் அந்த நிலையத்தில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ என்ன நினைக்கிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார், எந்த மாத்திரையைக் கையில் எடுக்கிறார் என்பதில்தான் அவருடைய உயிர் இருக்கிறது.

மழைக்காலத்தில் தீவுகளின் எந்த மூலையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. தீவில் எந்த நோயாளிக்கும் முதல் வைத்தியம் ஒரு முடிவுதான்: இங்கேயே வைத்துப் பார்ப்பதா, அனுப்புவதா? சென்னையிலோ மதுரையிலோ அந்த முடிவு பிசகினால் ஒரு ஆட்டோ பிடித்து ஒரு மணி நேரத்தில் திருத்திக்கொள்ளலாம். நிக்கோபார் தீவுகளின் கேம்ப்பெல் பேயிலோ கச்சாலிலோ அந்த வசதி இல்லை. தேவையில்லாமல் அனுப்பினால் ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கூலி கரைந்துபோகும். தாமதித்து அனுப்பினால் உயிரே போகும். நோயை அறிவது, அங்கேயே கையாள்வது, காலத்தில் அனுப்புவது என்ற மூன்று திறமைகளும் முதல் நிலையிலேயே உறுதியாக இல்லாவிட்டால், போர்ட் பிளேரில் எத்தனை மாடி ஆஸ்பத்திரி கட்டினாலும் அதன் பயன் கடல் தாண்டிப் போய்ச் சேராது. தீவுகளின் மருத்துவத்தைப் பற்றி எழும் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் உண்மை இதுதான்.

தீவுகள்: சில எண்கள்
• தீவுகளும் தீவுத்திட்டுகளும்: 836, மக்கள் வசிப்பவை: 31
• மக்கள்தொகை (2011): 3,80,581
• தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் (2011): சுமார் 15 சதவீதம்
• சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல் தொலைவு: சுமார் 1,190 கி.மீ.
• மாவட்டங்கள்: தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிக்கோபார்
• உயர்சிகிச்சைக்கான அரசு மருத்துவமனை: போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை

பெயர் தெரியாத காய்ச்சல்

சேற்று வயலிலிருந்து வந்த அந்த நோயாளிக்கு வந்திருக்கக்கூடிய எலிக்காய்ச்சல் அந்தமானுக்குப் புதிதல்ல. டெய்லர், கோயல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1931-லேயே அதை விரிவாகப் பதிவு செய்தார்கள். அதன் கிருமியான லெப்டோஸ்பைராவில் இங்கே பிரித்தெடுத்த வகை ஒன்றுக்கு 'அந்தமானா' என்ற பெயரே நிலைத்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நோய் பேச்சில் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் மழைக்காலம் முடியும் சமயத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் நுரையீரலில் இரத்தம் கசிந்து, இருமலில் இரத்தம் வந்து, ஓரிரு நாளில் இறந்தபோது அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பொதுவாக எழுதிவைத்தார்கள். 1993-இல் டிக்லிபூர் பகுதியில் பரவியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேர் மையம் ஆராய்ந்து, இது லெப்டோஸ்பைராதான் என்று உறுதிசெய்தது. அந்த மையம் பின்னர் இந்நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாகவும் உயர்ந்தது.

இந்த நோய்க்கு மருந்து அப்போதும் இருந்தது. பென்சிலினும் டாக்சிசைக்ளினும் விலை குறைந்தவை, எந்த சுகாதார நிலைய அலமாரியிலும் இருக்கக்கூடியவை. இல்லாமல்போனது சந்தேகம் ஒன்றுதான். எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரில் வெறுங்காலோடு நின்றவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் இதை நினைக்க வேண்டும் என்ற பழக்கம் முதல் நிலையில் இருந்திருந்தால், பல உயிர்கள் பிழைத்திருக்கும். இந்நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனைக்கு நாள் இடைவெளி விட்டு இரண்டு மாதிரிகள் தேவைப்படும். அந்த முடிவு வரும்போது நோயாளி தேறியிருப்பார், அல்லது இறந்திருப்பார். ஆகவே இங்கே சிகிச்சை சந்தேகத்தின் பேரில்தான் தொடங்கியாக வேண்டும். பரிசோதனை பின்னால் வந்து உறுதி சொல்லலாம்.

இப்படிச் சந்தேகத்தின் பேரில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே போனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சந்தேகம் என்பது கண்மூடித்தனம் அல்ல. கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் மலேரியா பரிசோதனை அட்டை முதலில். என்ன வேலை, எங்கே வேலை, எத்தனை நாள் என்ற விசாரிப்பு அடுத்து. அக்குள், தொடையிடுக்கு உட்பட உடல் முழுக்கப் பார்த்து, உண்ணிக்காய்ச்சலின் அடையாளமான கருகிய புண் இருக்கிறதா என்று தேடுவது அதற்கடுத்து. உண்ணிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின்தான் மருந்து. 48 மணி நேரத்தில் திரும்பவும் பார்த்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு இந்த வரிசை எழுத்தில் இருந்தால், மருந்தின் வீண் செலவு குறையுமே தவிரக் கூடாது. காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் பாராசிட்டமாலும் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து அனுப்பும் வழக்கம்தான் மருந்தை வீணாக்குகிறது. வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுத்து முன்கூட்டியே தடுக்கலாமா என்றும் வடக்கு அந்தமானில் ஆய்வு நடந்தது. 2000-இல் வெளியான அதன் முடிவு, தொற்று குறையாவிட்டாலும் நோயாகப் படுப்போர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டியது. தீவின் நோய்க்கு விடை தீவிலேயே கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

எலிக்காய்ச்சல்: மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்
• கடந்த 30 நாளில் வயல், சேறு, ஓடை, வெள்ளநீரில் நின்றீர்களா?
• காலில் வெடிப்பு, வெட்டுக்காயம் இருந்ததா?
• கெண்டைக்கால், இடுப்புத் தசைகளில் கடும் வலி உண்டா?
• கண் சிவந்திருக்கிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? மஞ்சள்காமாலை தெரிகிறதா?
• இருமலில் இரத்தம், மூச்சுத்திணறல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.
• மருத்துவர் சொல்லாமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வாங்கி விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறு.

தீவுக்குத் தீவு மாறும் பாடம்

மெயின்லேண்டிலிருந்து பணிமாற்றத்தில் வரும் மருத்துவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், இங்கே சிலவற்றைப் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். யானைக்கால் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அந்தப் புழுவைத் தேட இரவில் இரத்தம் எடுப்பார்கள், ஏனென்றால் அது இரவில்தான் இரத்த ஓட்டத்துக்கு வரும். நான்கௌரி தீவுக்கூட்டத்தில் இருக்கும் வகையோ பகலிலும் இரத்தத்தில் மிகுதியாக உலவுவது. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. இந்தியாவில் இப்படிப்பட்ட வகை காணப்படுவது அங்கே மட்டும்தான். அங்கே இரவுக் கொசுவலையை மட்டும் வலியுறுத்தும் சுகாதாரப் பிரசாரம் பயன் தராது.

பாம்புக்கடியும் அப்படியே. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாராவது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு அதில் பெரும்பங்கு. அந்தமானின் குழிவிரியன்கள் அந்த நான்கில் சேராதவை. அவை கடித்து வீக்கத்தோடு வருபவருக்கு அந்த மருந்தைக் குப்பி குப்பியாக ஏற்றினால் பலன் இராது. ஒவ்வாமை ஆபத்து மட்டும் உண்டு. ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் இமை சொருகி, பேச்சு குழறினால் அது நாகத்தின் அல்லது கட்டுவிரியனின் வேலையாக இருக்கலாம். அப்போது விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் நிமிடக் கணக்கில் தொடங்கியாக வேண்டும். வீங்கிய காலோடு வந்தவரைக் கவனித்துக் காத்திருப்பது, இமை சொருகியவருக்கு உடனே மருந்தேற்றி அனுப்புவது என்ற இந்த வேறுபாட்டைச் செவிலியருக்கும் கற்றுத்தர முடியும், கற்றுத்தர வேண்டும்.

மலேரியாவிலும் தீவுக்கென்று தனிக் கணக்கு உண்டு. இங்கே அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் சுண்டைகஸ் கொசு உவர்நீரில் பெருகுவது. 2004 சுனாமியில் கடல் புகுந்து தேங்கிய நிலங்கள் அதற்குப் புது இடம் கொடுத்தன. வைவாக்ஸ் வகை மலேரியாவில் காய்ச்சல் மூன்றாம் நாளே தணிந்துவிடும்; கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியை அழிக்க 14 நாள் பிரைமாகுவின் வேண்டும். தணிந்தவுடன் மாத்திரையை நிறுத்தியவருக்கு மாதங்கள் கழித்துக் காய்ச்சல் திரும்பும். வீடு தேடிப்போய் 14-ஆம் நாள் மாத்திரையையும் விழுங்க வைக்கும் ஆஷா பணியாளர்தான் அதைத் தடுக்கக்கூடியவர்.

நாலரை மணி நேரக் கணக்கு

காய்ச்சலும் பாம்புக்கடியும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தீவுகளைச் சத்தமில்லாமல் அரிப்பது இரத்த அழுத்தம். கார் நிக்கோபாரில் நிக்கோபாரிகளிடையே நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. புகையிலையோ இன்னும் மோசம்: 2019-20 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தீவுகளில் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் பெண்களில் பத்தில் மூவரும் ஏதாவது ஒரு வடிவில் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் தொலைவில் இல்லை.

பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று தெரிந்தாக வேண்டும். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். கப்பலுக்கு நாள் கணக்கு; ஹெலிகாப்டருக்குப் பகலும் வானிலையும் ஒத்துவர வேண்டும். அங்கே விடியற்காலை வாய் கோணிய ஒருவருக்கு அந்த ஊசி கிடைக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அப்படியென்றால் கேம்ப்பெல் பேயில் பக்கவாதத்துக்குக் கைக்கெட்டும் வைத்தியம் ஒன்றே ஒன்று: அது வருவதற்குப் பத்து ஆண்டு முன்பே பிரஷர் பார்த்து, தினமும் ஒரு மாத்திரை கொடுத்து, 140/90-க்குக் கீழே நிறுத்துவது. அது சப்-சென்டரில் நடக்கக்கூடிய வேலை. ஒரு கருவி, ஒரு பதிவேடு, தட்டுப்பாடில்லாத மாத்திரை போதும். கப்பல் தாமதமானால் மாத்திரை தீர்ந்துபோகும் தீவில், மாதத்துக்கொரு அட்டை என்ற கணக்கை விட்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதே அறிவான ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. சாலை உள்ள ஊர்களிலேயே அது தேவைப்பட்டது. சாலையே இல்லாத ஊர்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாரடைப்பில் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. ஈ.சி.ஜி. எடுத்து, தொலைவில் உள்ள நிபுணர் அதைப் பார்த்துச் சொன்னால், கட்டி கரைக்கும் ஊசியைச் சிறு மருத்துவமனையிலேயே போடலாம், பிறகு அனுப்பலாம். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைத்து நடத்திய திட்டத்தில், மாரடைப்பு நோயாளிகளின் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. 'முதலில் ஊசி, பிறகு பயணம்' என்ற அந்த வரிசை தீவுகளுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

அனுப்புவதும் வைத்தியம்தான்

'ரெஃபர் பண்ணிட்டோம்' என்ற வார்த்தையோடு பொறுப்பு முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. முறையாக அனுப்புவதற்கு நான்கு படிகள் உண்டு. நோயாளியை நிலைப்படுத்துவது முதலாவது: ஆக்ஸிஜன், சலைன், முதல் டோஸ் மருந்து எல்லாம் படகில் ஏற்றுவதற்கு முன்பே. போய்ச் சேரும் இடத்துக்கு முன்கூட்டியே பேசுவது இரண்டாவது. என்ன நேரத்தில் என்ன கொடுத்தோம் என்று எழுதிக் கையோடு அனுப்புவது மூன்றாவது. நான்காவதும் எளிதில் விட்டுப்போவதுமான படி, சிகிச்சை முடிந்து திரும்பும்போது பெரிய மருத்துவமனை எழுதும் குறிப்பு அதே சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்வது. அது வராவிட்டால், மெயின்லேண்டில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவர் எந்த மாத்திரையை எவ்வளவு நாள் விழுங்க வேண்டும் என்பதை ஊரில் யாரும் சொல்ல முடியாது.

தேவையற்ற ரெஃபரலின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரை அனுப்பினால் துணைக்கு இருவர் போக வேண்டும். கப்பல் டிக்கெட், தங்குமிடம், போன கூலி எல்லாம் ஏழைக் குடும்பத்தின் தலையில். தீவு நிர்வாகத்தின் 'அனிஷி' காப்பீடு மெயின்லேண்ட் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அலைச்சலுக்கும் பறிபோன நாட்களுக்கும் காப்பீடு கிடையாது. மொழியும் ஒரு சுமை. இலங்கையிலிருந்து திரும்பி 1970-களில் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், நிக்கோபாரி மட்டுமே பேசும் முதியவருக்கும், 'நெஞ்சை அடைக்கிறது' என்று தங்கள் சொல்லில் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆள் முதல் நிலையில் இருப்பது, நோயறிதலில் பாதி வேலையை முடித்துவிடும்.

தாமதிக்காமல் அனுப்ப வேண்டியவை
• குழந்தை: பால் குடிக்க முடியாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, தட்டி எழுப்பினாலும் விழிக்காத மயக்கம்
• கர்ப்பிணி: இரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, குழந்தை அசைவு குறைதல்
• பெரியவர்: அழுத்தும் நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல்
• காய்ச்சலோடு: மயக்கம், இரத்தக்கசிவு, சிறுநீர் வராமை

'பெரிய ஆஸ்பத்திரி போதாதா?'

முதல் நிலையை வலுப்படுத்த வேண்டும் என்றால் மறுப்புகள் மூன்று வருகின்றன. முதலாவது: 2015-இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, உயர் சிகிச்சையைப் பெருக்கினால் போதாதா? கல்லூரி வந்தது பெரிய காரியம். அதன் பட்டதாரிகளே தீவுகளுக்குச் சிறந்த நம்பிக்கை. ஆனால் உயர் சிகிச்சை என்பது அங்கே உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கானது. சேர்வதற்கு முன் இறந்தவர்கள் அந்த மருத்துவமனையின் கணக்கேட்டில் வருவதில்லை. அதனாலேயே அவர்களுக்காக யாரும் கட்டடம் கேட்பதில்லை.

இரண்டாவது: தொலைமருத்துவம் இருக்கிறதே? இருக்கிறது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே ஜி.பி. பந்த் மருத்துவமனையைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைத்த முயற்சி இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. ஆனால் திரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நிபுணரால் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது, ஊசி போட முடியாது. இந்தப்பக்கம் தொட்டுப் பார்த்துச் சரியாகச் சொல்லும் ஆள் இருந்தால்தான் அந்தப்பக்கத்து அறிவு பயன்படும். அலாஸ்கா இதற்குச் சாட்சி. பனியும் கடலும் பிரிக்கும் அந்தக் கிராமங்களில் 1968 முதல் உள்ளூர்வாசிகளையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தியிருக்கிறார்கள். அறிகுறியிலிருந்து முடிவு வரை படிப்படியாகச் சொல்லும் கையேடு அவர்கள் கையில். தொலைவில் பேசுவதற்கு ஒரு மருத்துவர். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு வலிமையானது: நாலு லட்சம் பேருக்கு இவ்வளவு செலவா, அதுவும் மருத்துவர்கள் நிலைக்காத இடத்தில்? சமவெளியில் 30,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். தீவில் தலைக்கணக்கு பொருந்தாது. தொலைவுக் கணக்குத்தான் பொருந்தும். ஐந்நூறு பேர் உள்ள தீவும் தனித்தீவுதான். மருத்துவர் நிலைக்காத இடத்தில் நிலைக்கக்கூடியவர் அந்த மண்ணின் செவிலியர். அவருக்கு எழுத்தில் நெறிமுறை, கையில் அதிகாரம், அழைத்தால் எடுக்கும் ஒரு மருத்துவர் எண், தங்குவதற்கு ஒழுங்கான வீடு ஆகியவற்றைக் கொடுப்பது ஒரு ஹெலிகாப்டர் வாங்கும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

இந்த விவாதத்துக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. சுமார் 8,000 பேர் வாழும் கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று மாபெரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேறலாம் என்று திட்டமே கணக்கிடுகிறது. அதே தீவின் காட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 229 ஷோம்பென் பழங்குடி மக்கள். வெளியுலகத் தொடர்பு தொடங்கிய சில காலத்திலேயே, 1999-இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியதை இந்தத் தீவுகள் பார்த்திருக்கின்றன. வெளியாட்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கும் இடத்தில் முதல் தொற்றைக் கண்டறியப்போவதும் ஒரு சிறு சுகாதார நிலையம்தான். அதைப் பலப்படுத்தாமல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டுவது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி.

தீவு நிர்வாகத்திடமும் மத்திய சுகாதார அமைச்சகத்திடமும் கேட்க வேண்டியவை எளியவை. தீவுக்கென்று தனிச் சிகிச்சை நெறிமுறைக் கையேடு, எல்லா சுகாதார நிலையங்களிலும். புதிதாக வரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் பணியில் சேருமுன் உள்ளூர் நோய்களில் பயிற்சி. மழைக்காலத்துக்கு முன்பே மூன்று மாத மருந்து இருப்பு. உள்ளூர் பெண்களுக்கும் ஆண்களுக்கும் செவிலியர் படிப்பில் முன்னுரிமை. அனுப்பிய ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் திரும்பி வரும் குறிப்பு. எதுவும் புது விஞ்ஞானம் கேட்கவில்லை; எதற்கும் வானுயரக் கட்டடம் வேண்டியதில்லை. தீவில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்களும் இதற்குக் குரல் கொடுக்கலாம். அடுத்த முறை போனில் பேசும்போது, 'பக்கத்து சப்-சென்டரில் பிரஷர் பார்த்தீர்களா, மாத்திரை கிடைக்கிறதா?' என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.